அடக்கிய மூச்சு

அவள் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி மூச்சை அடக்கும்போதெல்லாம், நான்கு கிலோமீட்டர் தள்ளி அவள் வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. அவள் சுட்டதும் திரும்ப வந்தது. சராசரியாக எட்டு வினாடி. துப்பாக்கி சுடும் கழகத்தில் அவள் சேர்ந்த முதல் வாரமே இது தொடங்கிவிட்டது. வீட்டார் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை மாமியார் அதை வாயுத் தொல்லை என்றார். கணவர் சிகரெட்டை விட்டார். ஒன்பது வயது மகள் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை மாலை மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், கணவர் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார், மகள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒரே நொடியில் நின்று ஒரே நொடியில் தொடர்ந்தன. "என்னடா இது, கரண்ட் போய்ட்டு வந்த மாதிரி" என்றார் மாமியார். மகள் கடிகாரத்தைப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரங்களைக் குறித்தாள். அம்மா வீட்டுக்கு வந்ததும், அவள் சுட்ட நேரங்கள் இருந்த கழகப் பதிவேட்டின் நகலோடு ஒத்துப் பார்த்தார்கள். நாற்பதுக்கு நாற்பதும் பொருந்தின.

அவள் எடை அளவுத் துறையில் வேலை பார்த்தாள். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது வேலை. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு குறைந்தாலும் அவள் கை கண்டுபிடித்துவிடும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். புகழ்ச்சியாக அல்ல. அலுவலகச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கழகம் இருந்தது. பத்து வருடம் மதியச் சாப்பாட்டோடு அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். முப்பத்தொரு வயதில் ஒரு நாள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு நேராக அங்கே போய் விண்ணப்பப் படிவம் கேட்டாள். கழக விதிகளில் பெண்கள் சேரக்கூடாது என்று எங்கும் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். களத்தைப் பார்த்துக்கொண்டவரைக் கர்னல் என்று கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்ததில்லை, மீசை மட்டும் இருந்தது.

"கழிப்பறை இல்லையேம்மா. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இருக்கு."

"நாலரைக்கு வந்து ஆறுக்குக் கிளம்பிடுறேன் சார். ஒன்றரை மணி நேரம் தாங்கும்."

கர்னலுக்கு வேறு காரணம் சட்டென்று கிடைக்கவில்லை. சுவரோரமாக, மேலே குழாய் சொட்டும் கடைசிச் சுடும் தடத்தைக் கொடுத்தார். சுடும்போது போடும் ஆண்களின் கெட்டித் தோல் சட்டை ஒன்றை அவள் வீட்டில் பிரித்துத் தைத்துக்கொண்டாள். படுத்துச் சுடும் பிரிவு, ஐம்பது மீட்டர், அறுபது குண்டு. அந்தத் தூரத்தில் இலக்கின் நடுப்புள்ளி கண்ணுக்கே தெரியாது. தெரிவது ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். மூச்சு விட்டால் மார்பு அசையும், மார்பு அசைந்தால் குழல் அசையும், குழல் முடி அளவு அசைந்தால் அங்கே விரல் அளவு தள்ளிப்போகும். அதனால் பாதி மூச்சை வெளியே விட்டு மீதியை நிறுத்திக்கொண்டு, வட்டம் வளையத்துக்குள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து விசையை அழுத்த வேண்டும். கர்னல் ஒவ்வொரு குண்டுக்கும் நேரத்தையும், எத்தனை வினாடி அடக்கினாள் என்பதையும் குறித்தார். எல்லாருக்கும் அப்படித்தான் குறிப்பார். ஒரு வருடத்தில் அவள் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த பதினான்கு பேரும் அன்று காற்று சரியில்லை என்றார்கள்.

வீடு பழகிக்கொண்டது. செவ்வாய், வியாழன், சனி, நாலரை முதல் ஆறு என்று எழுதிய தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. அந்த நேரத்தில் யாரும் மாடிப்படி ஏறுவதில்லை, போன் எடுப்பதில்லை, மகள் நீச்சலுக்குப் போவதில்லை. மாமியார் தன் சண்டைகளை மற்ற நாட்களுக்கு மாற்றிக்கொண்டார். நடுவில் நின்றுபோனால் எதிராளி ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர் வாதம். கணவர் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாத்தியக் குழுவோடு வாசிப்பவர். சனிக்கிழமை மாலைகளில் அவருடைய ஸ்வரம் பாதியில் அறுந்து எட்டு வினாடி கழித்து அதே இடத்தில் தொடரும். அதை ஒரு பாணி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். குழுத் தலைவர் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரைத் திங்கள், புதன், வெள்ளிக்கு மாற்றினார். கணவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமைக் கூட்டம்தான் பெரிய கூட்டம் என்பது அவளுக்கும் தெரியும். அவளும் எதுவும் சொல்லவில்லை.

அவள் சேர்ந்து இரண்டரை வருடம் இப்படிப் போனது. பிறகு மாமியாருக்கு இருமல் வந்தது. முப்பத்தொரு வருடம் நூல் மில்லில் நின்றவர். பஞ்சு அவருக்குள் போய்த் தங்கியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நுரையீரலில் பாதி வேலை செய்கிறது, மற்றது பேருக்குத்தான் இருக்கிறது என்றார். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கழகத்துக்குப் போகவில்லை. வியாழனும் போகவில்லை. இரண்டாவது வாரம் மாமியார் மூக்கில் குழாயோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் போகலை?"

"உங்களுக்காகத்தான் அத்தை."

"என் தலையில கட்டாதே. நாளைக்கு நான் செத்த பிறகு, இந்தக் கிழவியாலதான் போச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியவா?"

அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் நாத்தனார் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனதால் இந்த மூச்சு விவகாரத்திலிருந்து தப்பித்தவர் அவர். ஒரு குடும்பத்தின் மூச்சை நிறுத்தி வாங்கும் பரிசு தேவையா என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். கழகச் செயற்குழு கூடியது. ஏழு ஆண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பெண்களின் உடல் அமைப்பு, வீட்டோடு அவர்களுக்குள்ள பிணைப்பு, இந்த விளையாட்டு அதற்கு ஒத்துவருமா என்றெல்லாம் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தலைவர் முப்பது வருடம் தேசிய அளவில் சுட்டவர். அவர் மனைவி அன்று மாலை நடக்கவிருந்த பரிசளிப்புக்காக முன்கூட்டியே வந்து, மூலையில் கோப்பைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சில் ஒரு இடைவெளி விழுந்தபோது கோப்பையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க வீட்லயும் நிக்கும். முப்பது வருஷமா நிக்குது. பெரியவன் பொறக்கிறப்ப நாலு தடவை நின்னுது. இவர் அன்னைக்கு ஏதோ மேட்ச்ல இருந்தார்."

தலைவர் தன் மனைவியை, வேறு யாருடைய மனைவியையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ சொல்லவே இல்லையே" என்றார் கடைசியில்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அன்று மாலை பரிசளிப்பு முடிந்ததும் ஏழு உறுப்பினர்களும் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. மறுவாரம் கூடியபோது அந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. பெண் உறுப்பினர் தன் வீட்டில் வசிக்கும் அனைவரின் கையொப்பத்தோடு ஒரு சம்மதக் கடிதம் தர வேண்டும், யாராவது ஒருவர் திரும்பப் பெற்றால் உறுப்பினர் பதவி ரத்து என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பத்தி படிவத்தில் இன்றும் இருக்கிறது. ஆண்களுக்கான படிவத்தில் அது இல்லை.

கணவர் கையெழுத்துப் போட்டார். மகளுக்காகவும் அவரே போட்டார். மாமியார் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எட்டு வினாடி எதுக்கு? குறி பாக்குறவ சட்டுனு பாத்துத் தொலைக்க வேண்டியதுதானே."

"வட்டம் நிக்கணும் அத்தை."

"ரெண்டுல நிக்க வை. ரெண்டு வரைக்கும் என்னால முடியும். மூணாவது போச்சுன்னா நான் எண்ணுவேன். எண்ணிட்டுக் கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவேன்."

அதைக் கடிதத்திலேயே எழுதவும் செய்தார். இரண்டு வினாடிக்கு உட்பட்டு. கீழே மில்லில் சம்பளம் வாங்கிய அதே கையெழுத்து.

இரண்டு வினாடியில் சுடுவது என்பது அதுவரை யாரும் செய்யாதது. முதல் மூன்று மாதம் அவள் குண்டுகள் இலக்குத் தாளின் ஓரங்களில் பாய்ந்தன. பக்கத்துத் தடத்துக்காரர், "என்னம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். கர்னல் பதிவேட்டை மூடிவிட்டு, விட்டுவிடு, கோபித்துக்கொள்ளாதே, உனக்கே இது தெரியும் என்றார். அவள் விடவில்லை. வட்டம் நிற்கக் காத்திருக்காமல், அது நிற்கப்போகும் இடத்தை முன்பே தெரிந்துகொள்ள முயன்றாள். எடைக்கல்லைத் தட்டில் வைக்கும் முன்பே முள் எங்கே நிற்கும் என்று அவள் கைக்குத் தெரியும். அதே மாதிரி. ஒன்பது மாதத்தில் பழைய புள்ளிகளுக்குத் திரும்பினாள். பதினோராவது மாதம் மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். வீட்டில் மாமியார் ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் விரலால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டாவது தட்டு விழும்போது மூச்சு வந்துவிடும். ஒரு நாளும் தவறவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போடுவாள்.

உலகப் போட்டிக்கான தேர்வு தலைநகரில் நடந்தது. முதலிடத்துக்கு மட்டும்தான் பயணச் சீட்டு. அதுவரை நாட்டிலிருந்து ஒரு பெண்ணும் அதற்குப் போனதில்லை. அவள் கிளம்பும் முன்பு வீட்டில் எல்லாம் பேசி வைத்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு ஆரம்பம், பழகுவதற்கான குண்டுகளை அவள் மூச்சு விட்டபடியே சுட்டுவிடுவாள், போட்டியில் அறுபது. சிலிண்டர் திறந்திருக்க வேண்டும், மாமியார் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. அறுபதாவது கோடு போட்டதும் மகள் சிலிண்டரை மூட, மாமியார் குளிக்கப் போவார். ஒவ்வொரு போட்டி நாளும் அப்படித்தான். மூக்கில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குளிக்கத் தன்னால் ஆகாது என்பார். பத்து நிமிடம் குழாய் இல்லாமல் சமாளிப்பார்.

அறுபது குண்டும் முடிந்தன. அவளும் ஒரு ராணுவ வீரரும் ஒரே புள்ளியில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு குண்டு சுட வேண்டும் என்று நடுவர் அறிவித்தார். சமநிலை வந்தால் இன்னொரு குண்டு உண்டு என்பது விதிப் புத்தகத்தில் இருந்தது. அவள் படித்ததுதான். வீட்டில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நான்கு வருடத்தில் அவளுக்கு ஒருமுறைகூட சமநிலை வந்ததில்லை. போன்களை எல்லாம் வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபதாவது குண்டு போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அத்தை குளியலறையில் இருப்பார்.

ராணுவ வீரர் சுட்டார். திரையில் பத்து புள்ளி நான்கு விழுந்தது. நல்ல குண்டு. அவள் படுத்தாள், வாரை இறுக்கினாள், பாதி மூச்சை விட்டு நிறுத்தினாள். ஒன்று. இரண்டு. வட்டம் எங்கே நிற்கும் என்று கைக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்தில் முதல் முறையாகத் தெரியவில்லை. துப்பாக்கியை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருக்கலாம். நேரம் இருந்தது, விதியும் இடம் கொடுத்தது. இதையெல்லாம் அவள் மூன்றாவது வினாடியில் யோசித்தாள். நான்காவதில் குளியலறையின் ஈரமான சிமென்ட் தரையை நினைத்தாள். ஐந்தாவதில் வட்டம் மெல்ல நடுவுக்கு வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எதையும் நினைக்கவில்லை. எட்டாவதில் விசை போனது. பத்து புள்ளி ஆறு. நடுவர் கை கொடுத்தார். அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் கட்டு, நெற்றியோரம் நீலமாக ஒரு வீக்கம். கணவர் அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார். அவருக்கும் அந்த மூச்சு நின்றிருந்தது. எத்தனை வினாடி என்று அவருக்கும் தெரியும்.

"எட்டு" என்றார் மாமியார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா அத்தை."

"என்ன பாயின்ட்?"

"பத்து புள்ளி ஆறு."

"ரெண்டுல வந்திருக்காதா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். வரும் என்றால் ஒரு மாதிரி தப்பு, வராது என்றால் வேறு மாதிரி. "தெரியலை அத்தை" என்றாள்.

"தெரிஞ்சிருக்கணும்" என்றார் மாமியார். பேப்பரை மடித்தார். "நோட்டுல எழுத வேண்டாம்னு குட்டிகிட்ட சொல்லிட்டேன். எழுதினா கையெழுத்தை வாபஸ் வாங்கணும். டிக்கெட் வாங்கியாச்சு, போய்ட்டு வா."

அதோடு சரி. அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மாமியார் அவளைத் திட்டுவதையே நிறுத்திவிட்டார். மற்ற எல்லாரையும் திட்டினார். உலகப் போட்டியில் அவள் பத்தொன்பதாவதாக வந்தாள். ஒவ்வொரு குண்டும் இரண்டு வினாடி. பத்திரிகைகளில் படம் வந்தது, அலுவலகத்தில் ஒரு சால்வை போர்த்தினார்கள், கழகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார்கள். அடுத்த மூன்று வருடத்தில் பதினோரு பெண்கள் வீட்டுக் கையெழுத்துகளோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு வினாடி முறையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டிலிருந்துகூட ஒருவர் வந்தார். எதற்காக இரண்டு என்று அவர் கேட்டார். அவள் பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பினாள். தனியாகப் படுத்திருக்கும்போது குளியலறைத் தரையில் அந்த ஐந்தாவது வினாடி எப்படி இருந்திருக்கும் என்று மூச்சை அடக்கிப் பார்ப்பாள். கையில் துப்பாக்கி இல்லாததால் யாருக்கும் எதுவும் ஆகாது.

மாமியார் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இறந்தார். அவள் அப்போது ஒரு மளிகைக் கடையில் இரண்டு கிலோ கல்லைச் சோதித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து நாடி பார்த்தார், இதயத்தைக் கேட்டார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். இறந்துவிட்டார் என்று உறுதியாகச் சொல்லிப் பேனாவைத் திறந்தார். ஆனால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஆறிவிட்டது, மார்பு மட்டும் ஏறி இறங்கியது. இத்தனை வருட இழுப்பு இல்லாமல், மில்லுக்குப் போகும் முன்பிருந்த பெண்ணின் மூச்சு மாதிரி சீராக. டாக்டர் சிலிண்டரைப் பார்த்தார். அது மூடியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே வந்தவர், அம்மாவின் மூக்கில் கையை வைத்துப் பார்த்து, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எப்போது எடுப்பது என்று பெரியவர்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். மூச்சு இருக்கும்போது எடுக்க முடியாது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

காரணத்தைச் சொன்னது மகள்தான். பதினாறு வயது, கணக்கில் கெட்டிக்காரி. "பாட்டியோடதுதானே. அப்பப்ப நின்னதெல்லாம் பாக்கி இருக்கும்ல" என்றாள். யாரும் மறுக்கவில்லை, கேட்டால் அது நியாயமாகத்தான் இருந்தது. கர்னலிடம் ஆள் அனுப்பிப் பதிவேடுகளை வாங்கி வந்தார்கள். அவரே இரண்டு பையில் சுமந்துகொண்டு வந்து, மீசையைத் தடவியபடி ஓரமாக நின்றார். மகள் பதிவேடுகளையும் தன் நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஏழு வருடக் குண்டுகளைக் கூட்டினாள். முதல் இரண்டரை வருடம் எட்டெட்டாக, பிறகு இரண்டிரண்டாக. கர்னல் சரிபார்த்தார். எழுபத்தொரு மணி நேரம், இருபத்திரண்டு நிமிடம். சனிக்கிழமை காலை பத்து இருபத்திரண்டு என்று வாசலில் சொன்னார்கள். பெரியவர்கள் அதற்கேற்ப வண்டிக்குச் சொன்னார்கள். தூரத்திலிருந்து வர வேண்டியவர்களுக்கு இது வசதியாகவும் இருந்தது. அவள் அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதத்தில் இரண்டு நேரங்களையும் எழுதினாள். மேலாளர் பிந்தியதிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்று நாளும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். போகிறவர் வருகிறவர் ஆறுதல் சொன்னார்கள். உன்னால் அந்த அம்மாவுக்கு மூன்று நாள் கூடக் கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. பத்து இருபதுக்கு எல்லாரும் அறைக்குள் வந்தார்கள். டாக்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை மெதுவாகச் சொன்னாள். பத்து இருபத்திரண்டு வந்தது.

மூச்சு நிற்கவில்லை. ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு முறை ஆரம்பித்தது. நாத்தனார் அண்ணனைப் பார்த்தார். கர்னல் குனிந்து பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மகளின் முகம் சிவந்துவிட்டது. "எங்கயோ விட்டுட்டேம்மா" என்றாள். "எங்க விட்டேன்னு தெரியலை."

"நீ விடலை" என்றாள் அவள். மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். கணவர் மட்டும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டாவது தட்டோடு மூச்சு நின்றது. டாக்டர் சற்றுக் காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்து, சான்றிதழில் வினாடியையும் சேர்த்து எழுதினார். பிறகு வண்டிக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள்.